நின்றுகொண்டு ஹாஸ்யம்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, விடைத்தாள் கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் பழைய மாணாக்கன் ஒருவன் சென்னையிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டான். அவன் பகலெல்லாம் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்யம் செய்கிறான். "ஸார், இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை புதியவர்களுக்கு மேடை கொடுக்கிறோம். ஆளுக்கு ஐந்து நிமிஷம். நீங்கள் அவசியம் வர வேண்டும்" என்றான். வந்து பார்க்கச் சொல்லுகிறானாக்கும் என்று நினைத்தேன். "பார்க்க அல்ல, ஸார், பேச!" என்றான்.

இந்த வித்தைக்கு 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்று பெயர் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக் குழந்தைகள் கைபேசியைப் பார்த்துத் தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொண்டால் பெரும்பாலும் அதற்கு இதுதான் காரணம். வேஷம் கிடையாது, திரை கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. ஒரு மனிதன், ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். அவன் நின்றுகொண்டு பேச வேண்டும். எதிரே இருப்பவர்கள் உட்கார்ந்துகொண்டு சிரிக்க வேண்டும். இந்த வர்ணனையைக் கேட்டதும், 'அட, இதைத்தானே நாம் 22 வருஷமாகச் செய்துவருகிறோம்! அதற்குக் கணித வகுப்பு என்று பெயர் வைத்ததல்லவா பிசகு?' என்று எனக்குத் தோன்றிற்று. என் வகுப்பில் சிரிப்புக்கு ஒரு நாளும் குறைவிருந்தது கிடையாது. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் 40 பையன்கள் சிரித்துவிடுவார்கள். ஆகையால் கொஞ்சமும் யோசியாமல் "சரி" என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் உபாத்தியாயரின் ஹாஸ்யத்துக்குச் சிரிக்காமல் வேறென்ன செய்வான்? சிரிக்கிறவரையில் கணக்கு நின்றுபோகிறது, அது லாபம். சிரிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், "நீ எழுந்து வந்து இந்தக் கணக்கைப் போடு" என்று கரும்பலகைக்குக் கூப்பிடப்படலாம், அது பயம். காபிக் கடை மாடியில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஆசாமிக்கு இந்த லாபமும் இல்லை, அந்தப் பயமும் இல்லை.

* * *

நான் முறைப்படி ஆசிரியர் பயிற்சி பெற்றவன். எதற்கும் பாடத் திட்டம் எழுதாமல் இறங்கமாட்டேன். ஒரு புதிய நோட்டுப் புஸ்தகத்தில் நோக்கம், முன்னறிவு, உபகரணங்கள் என்றெல்லாம் தலைப்புப் போட்டுக்கொண்டு, இரண்டு இரவு கண் விழித்து எழுதினேன். பிறகு குடும்பத்தாரைக் கூடத்தில் உட்கார வைத்து அரங்கேற்றினேன். என் மகள் கைபேசிக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "12 நிமிஷம் 40 விநாடி, அப்பா. உங்களுக்கு 7 நிமிஷம் 40 விநாடி கடன் இருக்கிறது" என்றாள். என் தாயார் ஆரம்பம் முதல் முடிவு வரையில் சிரித்தார்கள். அவர்களுக்குக் காது சற்று மந்தம். என் மனைவி சிரிக்கவே இல்லை. "உனக்குச் சிரிப்பு வரவில்லையா?" என்று கேட்டேன். "நீங்கள் எங்கே சிரிக்க விட்டீர்கள்? ஒவ்வொரு தடவையும் நீங்களே முதலில் சிரித்துவிட்டு, நாங்கள் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த கதையை ஆரம்பித்துவிடுகிறீர்களே!" என்றாள்.

அன்றிரவு அந்தப் பையனையே டெலிபோனில் கூப்பிட்டுப் பாடம் கேட்டுக்கொண்டேன். அவன் சொன்னதின் சாரம் இதுதான். ஒவ்வொரு துணுக்கிலும் இரண்டு பாகம் உண்டு. முதலாவது பீடிகை, அது கேட்பவரை ஒரு தெருவில் அழைத்துப் போகிறது. இரண்டாவது வெட்டு, அது திடீரென்று வேறொரு சந்தில் திரும்பிவிடுகிறது. பீடிகை நீள நீளக் கடன் ஏறுகிறது. வெட்டு அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். என் எழுத்தில் பீடிகைகள் எல்லாம் ரயிலடி, டிக்கட்டு, அத்தையம்மாள், அத்தையம்மாளின் வெற்றிலைப் பெட்டி என்று கடைவீதி வரையில் போயின. வெட்டு வருவதற்குள் கேட்பவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்! 5 நிமிஷத்தில் என் வேகத்துக்குச் சுமார் 500 வார்த்தைகள் பேசலாம். அதில் சிரிப்புக்கென்று 100 வார்த்தைகளுக்கு இடம் விட வேண்டும். ஒருவரும் சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும், ஸார். அதுவும் நல்லதுதான்" என்றான்.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருப்பதை நானே கண்டுபிடித்தேன். ஆச்சரியமான வார்த்தை கடைசியில் விழ வேண்டும் என்பது இந்த வித்தையின் பால பாடம். இங்கிலீஷில் அது சுலபம். நம் பாஷையிலோ வாக்கியத்தின் கடைசியில் வினைச்சொல் அல்லவா வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது? என் சரக்கில் ஒன்று: பரீட்சையில், 'முக்கோணத்தின் பக்கங்கள் யாவை?' என்ற கேள்விக்கு, "'புஸ்தகத்தில் 46, 47, 48' என்று ஒரு பையன் விடைத்தாளில் எழுதியிருந்தான்" என்று எழுதி வைத்திருந்தேன். சொல்லிப் பாருங்கள். சிரிக்க வேண்டிய இடம் வந்து போன பிறகு, 'விடைத்தாளில் எழுதியிருந்தான்' என்ற இரண்டு வார்த்தைகள் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல் பின்னால் வந்து நிற்கின்றன! இதையே, "ஒரு பையன் எழுதியிருந்த விடை: புஸ்தகத்தில் 46, 47, 48" என்று மாற்றினேன். என் மனைவி வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனாள் என்று இன்னமும் நம்புகிறேன்.

வயது 47 ஆகிவிட்டதே என்று இடையில் கொஞ்சம் தயக்கம் வந்ததுண்டு. அப்போது அமெரிக்காவில் இருந்த பில்லிஸ் டில்லர் (1917-2012) என்ற அம்மையாரை நினைத்துக்கொண்டேன். ஐந்து குழந்தைகளுக்குத் தாயான அவர், 1955-ஆம் வருஷத்தில், தமது 37-வது வயதில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற விடுதியின் சிறு மேடையில் முதல் தடவையாக ஏறினார். பிற்பாடு தம் துணுக்குகளை ஒவ்வொன்றாகச் சீட்டில் பதிந்து, விஷயவாரியாக வகுத்து, ஓர் இரும்பு அலமாரியின் இழுப்பறைகளில் அடுக்கி வைத்தார். அந்தச் சீட்டுகள் 52,000-க்கு மேல்! அலமாரி இப்போது வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. ஹாஸ்யம் என்றால் வாயில் வந்ததைப் பேசுவது என்று எண்ணுகிறவர்கள் அந்த அலமாரியை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அதைப்பற்றிப் படித்தபோது, எங்கள் பள்ளிக்கூட ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இந்த அம்மையார் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றிற்று.

என்னிடம் தேறியவை 9 துணுக்குகள். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகைக்கே முதலிடம் கொடுத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுத்தார்: பிறரை எள்ளுவது ஒன்று, பிள்ளைத்தனம் ஒன்று, பேதைமை ஒன்று, மடமை ஒன்று. என் சரக்கை இந்த வாய்பாட்டில் போட்டுப் பார்த்தேன். 9-இல் 8 எள்ளல். தலைமையாசிரியர், பஸ் கண்டக்டர், மாமனார், பையன்கள் என்று எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தேன். மீதி ஒன்று என் பேதைமையைப் பற்றியது. அது நன்றாயிராது என்று கடைசியில் எழுதி வைத்திருந்தேன்.

எள்ளலில் என்ன தவறு என்று கேட்கலாம். கேரள தேசத்துக் கோயில்களின் கூத்தம்பலங்களில் சாக்கியார் தனியே நின்று புராணக் கதை சொல்லுவதுண்டு. கதைக்கு நடுவே சபையில் இருப்பவர்களைப் பார்த்து எள்ளுவார், ராஜாவானாலும் விடமாட்டார். கேட்டுக்கொண்டிருப்பவர் எதிர்வார்த்தை பேசக் கூடாது என்பது ஸம்பிரதாயம். 18-ஆம் நூற்றாண்டில், அம்பலப்புழையில், சாக்கியாருக்கு மிழாவு வாசித்துக்கொண்டிருந்த குஞ்சன் நம்பியார் நடுவே கண்ணயர்ந்துவிட்டாராம். சாக்கியார் சபையறிய அவரை எள்ளிவிட்டார். நம்பியார் பேசவில்லை. மறுநாளே துள்ளல் என்னும் புதுக் கூத்து ஒன்றைக் கட்டிக்கொண்டு அதே கோயிலில் ஆட வந்தார். சாக்கியாரின் சபை அப்படியே எழுந்து இங்கே வந்துவிட்டது என்பது ஐதீகம். நான் இந்தக் கதையை எப்போதும் சாக்கியார் பக்கத்திலிருந்தே ரசித்து வந்திருக்கிறேன். நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908-1957) வேறு ஜாதி. 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் செய்த கிந்தனார் காலட்சேபம், படிக்க ஆசைப்பட்ட ஓர் ஏழைப் பையனின் கதை. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பையனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

என் 9 துணுக்குகளில் மணியானது என்று நான் நினைத்ததைச் சொல்லுகிறேன். 2005-ஆம் வருஷத்து ஐப்பசி. அவ்வருஷம் பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். மழை விட்டு இரண்டு நாளாகியிருக்கும், ஊரெல்லாம் காய்ந்திருக்கும், அவன் சட்டை மட்டும் ஈரமாகவே இருக்கும். "நமக்கு ரேடியோவே வேண்டாமடா! நுங்கம்பாக்கத்தில் சொல்வதற்கு முன்னாலேயே இவன் சட்டை சொல்லிவிடுகிறது" என்றேன். அன்று முதல் அவனுக்கு 'நுங்கம்பாக்கம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அன்றைக்கு வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசித் துணுக்குத்தான் பலமாக இருக்க வேண்டும் என்று பையன் சொல்லியிருந்தான். ஆகையால் நுங்கம்பாக்கத்தைக் கடைசியில் வைத்தேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகும்போது, வரிசை மறந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. மார்க் ட்வெயினுக்கும் (1835-1910) இதே பயம் இருந்தது. அவர் தம் பிரசங்கத்தின் தலைப்பு எழுத்துக்களைப் பத்து விரல் நகங்களிலும் மையால் எழுதிக்கொண்டு மேடையேறினாராம். எந்த விரல் முடிந்தது, எந்த விரல் பாக்கி என்று குழம்பிப் போயிற்று; இந்த மனிதர் ஏன் தம் நகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஜனங்களும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1866-இல் அவர் ஸான் பிரான்ஸிஸ்கோவில் (மறுபடியும் அதே ஊர்தான்!) பிரசங்கம் செய்தபோது நடந்தது இதைவிட வேடிக்கை. ஒருவரும் சிரிக்கமாட்டார்களோ என்று அஞ்சி, சிநேகிதர்களைச் சபையில் அங்கங்கே உட்கார வைத்தார். ஒரு சீமாட்டியிடம், தாம் பார்த்துப் புன்னகை செய்தால் சிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பிரசங்கத்தில் உருக்கமான கட்டம் வந்தது. சபை நிசப்தமாக இருந்தது. அந்தச் சமயத்தில் அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்துவிட்டார்; தம்மை அறியாமல் புன்னகை வந்துவிட்டது. அம்மாள் சொன்ன சொல் தவறாமல் சிரித்தாள். சபை முழுவதும் கொல்லென்று சிரித்தது. அன்றைய மாலையின் மகத்தான வெற்றியே அந்தச் சிரிப்புத்தான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், செங்கற்பட்டு தாண்டியதும் நான் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் 9 எழுத்துக்களை எழுதிக்கொண்டேன். 22 வருஷமாகப் பரீட்சை மண்டபத்தில் எத்தனை கைகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன்! எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

காபிக் கடை மாடியில் சுமார் 40 பேர் இருந்தார்கள். என் வகுப்பின் ஜனத்தொகை சரியாக வந்துவிட்டதே என்று கொஞ்சம் தைரியம் உண்டாயிற்று. பையன் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சட்டதிட்டங்களைச் சொன்னான். ஒலிபெருக்கியைக் கழியிலிருந்து எடுத்ததும் கழியை ஓரமாக நகர்த்திவிட வேண்டும். நாலாவது நிமிஷத்தில் பின்வரிசையிலிருந்து கைபேசி விளக்கைக் காட்டுவார்கள். அதற்குமேல் புதிய கதை ஆரம்பிக்கக் கூடாது. பிறகு என் நோட்டுப் புஸ்தகத்தை வாங்கிப் படித்தான். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தான். கடைசிப் பக்கத்தில் சற்று நேரம் நின்றான்.

"ஸார், இந்த நுங்கம்பாக்கத்தை மட்டும் எடுத்துவிடலாமா?"

"ஏன்? அதுதானே இருப்பதற்குள் பிரமாதம்!"

"பிரமாதந்தான், ஸார். ஆனால் அதை நான் இரண்டு வருஷமாக இந்த மேடையில் சொல்லிவருகிறேன். இங்கே ஒருத்தர் சரக்கை இன்னொருத்தர் சொல்வது வழக்கமில்லை."

"என் வகுப்பில் நான் சொன்னது உன் சரக்கு எப்படி ஆகும்?" என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

"சட்டை என்னுடையது, ஸார்" என்றான்.

அந்த வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. நான் சொன்ன வார்த்தைகள் அத்தனை வருஷமும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தன. யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பதுதான் இருக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். மேலே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் இரண்டு துணுக்குகளுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. 40 பேர் சிரிக்காமல் இருப்பதென்றால் என்ன என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். முக்கோணத்துக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார்கள். நாலாவது என்ன? கையைப் பார்த்தேன். வேர்வையில் 9 எழுத்தும் கரைந்து உள்ளங்கை முழுவதும் நீலமாக இருந்தது. வேறு வழியில்லாமல் கையைச் சபைக்குக் காட்டினேன். "22 வருஷமாகக் கையில் எழுதிக்கொண்டு வந்த பையன்களைப் பிடித்திருக்கிறேன். இன்று நானே எழுதிக்கொண்டு வந்தேன். எல்லாம் அழிந்துவிட்டது. அந்தப் பையன்கள் அத்தனை பேரும் ஏன் பெயிலானார்கள் என்று இப்போதுதான் புரிகிறது" என்றேன். சிரித்தார்கள்! நான் பேசாமல் நின்றேன். மனைவியின் புத்திமதியினால் அல்ல, அடுத்தது என்னவென்று தெரியாததனால். அவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு ரயிலில் எழுதிக்கொண்டது, எதிரே பெரியவர் பார்த்தது என்று நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். விளக்கைக் காட்டினார்கள். நுங்கம்பாக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். 4 நிமிஷம் 20 விநாடி.

எனக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் பேசினார்கள். கடைசியில் அவன் ஏறினான். வீட்டில் ஒரே சீருடை. இரவில் துவைத்து, காலையில் அம்மா செம்பில் கொதிக்கும் நீரை ஊற்றிச் சட்டையின் மேல் தேய்ப்பாள். சட்டை காயாது, செம்பு ஆறிப்போகும். இப்படி ஆரம்பித்தான். சட்டை தன்னைவிட ஒரு நாள் பிந்தியே பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது என்றான். பிறகு, "எங்கள் ஸார் மகா புத்திசாலி. சட்டை ஈரம் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். எத்தனை சட்டை என்று மட்டும் கேட்கவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா? ஒன்றுக்கு மேல்தான் எண்ணுவார்" என்றான். 40 பேரும் சிரித்தார்கள். அவன் என் பெயரைச் சொல்லவில்லை; என் பக்கம் பார்க்கவுமில்லை. நானும் சிரித்தேன். துணுக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்தது, சிரிக்காமலிருக்க முடியவில்லை. ஸம்பிரதாயப்படி எதிர்வார்த்தை பேசவில்லை.

இரவு என்னை எழும்பூருக்கு அழைத்து வந்து ரயிலேற்றினான். பிளாட்பாரத்தில், "எனக்குத் தெரியாதப்பா" என்றேன்.

"தெரியாமல் சொன்னீர்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும், ஸார். தெரிந்து சொல்லியிருந்தால் அது துணுக்காகவே ஆகியிருக்காது" என்றான். சற்றுப் பொறுத்து, "அம்மா வருகிற நாளில் மட்டும் அதைச் சொல்லமாட்டேன்" என்றான். பிறகு, முதல் இரண்டு துணுக்குகளையும் தள்ளிவிட்டுக் கையிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றும், அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயரை எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னான்.

திங்கட்கிழமை முதல் பீரியடில் கைக் கதையை எட்டாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 39 பேர் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் அவனைக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தான். எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று கேட்டேன். "ரயிலிலே எதுக்கு ஸார் எழுதினீங்க, வீட்டிலேயே எழுதிட்டு வந்திருக்கலாமே?" என்றான். நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துக்கொண்டேன்.